மதிய இடைவேளை உரைகள்: எழுதி வாசிப்பதா, பேசுவதா?

ஏடுபுரட்டி எழுதியது:

வணக்கம். நான் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் வரலாறு, இலக்கியம், தத்துவம், மொழியியல் ஆகிய நான்கு துறைகளும் சேர்ந்து மதிய இடைவேளையில் உரை நடத்தலாம் என்று முடிவாகியிருக்கிறது. அவரவர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காரலாம். பேசுகிறவர் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றிச் சொல்வார், அப்புறம் கேள்விகள். ஏற்பாட்டுப் பொறுப்பு என் தலையில்.

இதற்கு முன்பும் ஒருமுறை இப்படித் தொடங்கி நின்றுபோனது. ஆள் வராமல் நிற்கவில்லை, வந்தார்கள். பேச வந்தவர்கள் கருத்தரங்கத்துக்கு எழுதிய கட்டுரையை அப்படியே கொண்டுவந்து 50 நிமிடம் வாசித்தார்கள். தலையே நிமிரவில்லை. முடிந்ததும் 'நேரமில்லை, ஒரே ஒரு கேள்வி' என்று அறிவிப்பு வரும். அந்த ஒன்றையும் யாராவது மூத்த பேராசிரியர் எடுத்துக்கொண்டு தன் பங்குக்கு ஓர் உரை ஆற்றிவிடுவார். பக்கத்துத் துறைக்காரர்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இந்த முறை அப்படி ஆகிவிடக் கூடாது. எவ்வளவு நேரம் பேசச் சொல்லலாம்? எழுதி வாசிக்க வேண்டாம் என்று சொல்லலாமா? உரையைப் பதிவு செய்யலாமா? நடத்திப் பார்த்தவர்கள், போய்க் கேட்டவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.


மூன்றாம்வரிசை எழுதியது:

முதலில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவேளை ஒரு மணி நேரம் என்றால் முழு ஒரு மணி நேரம் கையில் கிடைக்காது. முந்தைய வகுப்பை முடித்துவிட்டு வந்து உட்காரவே பத்து நிமிடம் ஆகும். அடுத்த வகுப்பு இருப்பவர்கள் ஐந்து நிமிடம் முன்னதாகவே எழுந்துவிடுவார்கள். மிஞ்சுவது 45. அதில் உரைக்கு 20, கேள்விக்கு 25. உரையைவிடக் கேள்விக்கு நேரம் கூடுதலாக இருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பேச்சின் நடுவில் சீட்டு நீட்டி நிறுத்தினால் பேசுகிறவருக்கும் சங்கடம், நிறுத்துகிறவருக்கும் சங்கடம்.

இன்னொன்று. பேசுகிறவரை முன்கூட்டியே சாப்பிடச் சொல்லுங்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க அவர் மட்டும் பசியோடு நிற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.


தொல்லெழுத்து எழுதியது:

வாசிப்பதா பேசுவதா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. பேசுகிறவர் கையில் என்ன கொண்டுவருகிறார் என்பதே முதல் கேள்வி. முழு ஆய்வையும் 20 நிமிடத்தில் சொல்ல முயன்றால் அறிமுகம் மட்டும்தான் மிஞ்சும். ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு கடிதம், ஒரு பாடல், ஒரு வரைபடம், ஒரு கல்வெட்டின் சில வரிகள், எதுவானாலும் சரி.

நான் கேட்டு இன்றும் மனதில் நிற்கும் ஓர் உரை உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றியது. குடவோலை என்றதும் 'பழங்காலத் தேர்தல் முறை' என்ற வாக்கியம் நம் எல்லோருக்கும் தயாராக இருக்கிறதல்லவா? பேசியவர் அந்த வாக்கியத்தின் பக்கமே போகவில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் இரண்டு ஆண்டு இடைவெளியில் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகளை, 919ஆம் ஆண்டினதையும் 921ஆம் ஆண்டினதையும், ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுத்தார். முதலாவதில் ஊர்ச் சபை உறுப்பினருக்கு வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்? முதல் விதியில் என்ன கோளாறு வந்தது?

பிறகு சீட்டு எடுக்கும் இடத்துக்கு வந்தார். குடத்தைத் தூக்குகிறவர் எல்லோரும் பார்க்கும்படி தூக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். விரலை மடக்காதே என்று கல்லில் வெட்டி வைக்க வேண்டுமானால், விரலை மடக்கி ஓலையை மாற்றிவிடலாம் என்ற சந்தேகம் அந்தச் சபையில் எவ்வளவு வலுவாக இருந்திருக்கும்!

அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். 'இது ஒரு மோசடியின் அனுபவமா, வரப்போகும் மோசடிக்கான முன்னெச்சரிக்கையா என்பதில் நான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன், உதவுங்கள்' என்று கேட்டார். சட்டம் படித்தவர் ஒருவர், நடந்த குற்றத்துக்குப் பிறகு எழுதும் விதியின் வாசகம் எப்படி இருக்கும் என்று விளக்கினார். மொழியியல் மாணவி ஒருத்தி வினைமுற்றுகளைப் பார்த்துக்கொண்டே வந்து இரண்டு கல்வெட்டின் நடையிலும் உள்ள வேறுபாட்டைச் சொன்னாள். அறை கலையவே இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு மதியம் வாய்த்துவிட்டால் அடுத்தவர்கள் தானாக வருவார்கள்.


சொற்கடல் எழுதியது:

தொல்லெழுத்து சொன்னது அருமை. ஆனாலும் எழுதி வாசிப்பதை எல்லோரும் குற்றமாகவே பார்ப்பதை ஏற்க எனக்கு மனமில்லை.

நான் தத்துவம். எங்கள் துறையில் வாதத்தையும் வாக்கியத்தையும் பிரித்து எடுக்க முடியாது. 'எல்லா' என்பதற்கும் 'பெரும்பாலான' என்பதற்கும் நடுவே ஒரு வாதமே விழுந்துவிடும். வாய்போக்கில் பேசும்போது அந்த இடம் வழுக்கிப் போகிறது. கவிதை பற்றிப் பேசுகிறவர்களுக்கும் இதே நிலைதான். ஒரு வரியை எந்தச் சொல்லால் விளக்குகிறோம் என்பதில்தான் அவர்கள் உழைப்பே இருக்கிறது. அறிவியல் துறைகளில் படத்தையும் அளவையும் காட்டிப் பேசலாம், காட்டிய முடிவு சொற்களை நம்பி நிற்பதில்லை. எங்களுக்கு எழுதியதுதான் ஆய்வு.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் முறை பேசுகிற மாணவருக்குக் கையில் எழுதிய தாள் இருந்தால்தான் தைரியம். 'தாளே கூடாது' என்று விதி போட்டால் சரளமாகப் பேசுகிறவர்கள் மட்டும் பெயர் கொடுப்பார்கள். ஆழமாக யோசிக்கிற பலர் சரளமாகப் பேசுகிறவர்கள் அல்ல.


மூன்றாம்வரிசை எழுதியது:

சொற்கடல், உங்கள் கடைசிப் பத்தி நியாயமானது. அப்படியென்றால் தாள் இருக்கட்டும். காதுக்கு எழுதிய தாளாக இருக்கட்டும். கண்ணுக்கு எழுதியதைக் காதுக்குக் கொடுப்பதால்தான் பிரச்சினை. அச்சில் ஐந்து வரி நீளும் வாக்கியத்தில் வாசகன் திரும்பிப் போய் எழுவாயைத் தேடிப் பிடித்துக்கொள்வான். கேட்பவனுக்கு அந்த வசதி இல்லை. தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வருகிறது? நீளமான வாக்கியத்தில் 'ஆம் என்கிறாரா, இல்லை என்கிறாரா' என்று கடைசிவரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்று கணக்குச் சொல்வார்கள். அதை அப்படியே தமிழுக்குப் போட்டால் நேரம் எகிறிவிடும். நம் சொல் ஒன்றே மூன்று ஆங்கிலச் சொல்லின் வேலையைச் செய்யும், அதனால் நீளமும் கூடும். ஒரே வழி, வாய்விட்டு ஒருமுறை வாசித்துக் கடிகாரத்தைப் பார்ப்பது. வாசிக்கும்போது மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்.

முக்கியமான இரண்டு மூன்று பத்திகளை எழுதியபடி வாசித்துவிட்டு, நடுவே உள்ளதைப் பேசட்டும். சொற்கடலின் 'எல்லா', 'பெரும்பாலான' இரண்டும் தாளில் பத்திரமாக இருக்கும்.


புதுவரவு எழுதியது:

வேகமான வடிவம் எதையாவது பார்க்கலாமே? 2003இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சாகுச்சா என்ற பேச்சு வடிவத்தில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 நொடி, மொத்தம் 6 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேடுப் போட்டியும் இருக்கிறது. அதில் ஒரே ஒரு ஸ்லைடுக்குத்தான் அனுமதி. ஒரு மதியத்தில் நான்கு பேரைப் பேச வைத்துவிடலாம்.


தொல்லெழுத்து எழுதியது:

புதுவரவு, இரண்டும் நல்ல வடிவங்கள்தான். ஆய்வின் சாரத்தை வெளியாட்களுக்குச் சொல்லப் பழக மூன்று நிமிடப் போட்டி நல்ல பயிற்சி. நாம் இங்கே பேசுகிற தேவை வேறு. முடிந்த ஆய்வைச் சுருக்கிச் சொல்லலாம், முடியாத ஆய்வைச் சுருக்கவே முடியாது. பெச்சாகுச்சாவில் ஸ்லைடு தானாக நகர்ந்துவிடும். ஒரு பழைய கையெழுத்தை வாசித்து, 'இந்த எழுத்து ப-வா வ-வா' என்று அறையே குனிந்து பார்க்கும்போது 20 நொடியில் படம் மாறினால் எப்படி? மெதுவாகப் பார்ப்பதுதான் நம் துறைகளின் வேலை. மதிய வேளையில் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் வேறு எப்போது?

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே ஒரு நாள், புதிதாகச் சேர்ந்தவர்கள் அறிமுகமாவதற்கு உங்கள் யோசனையைப் பயன்படுத்தலாம்.


பேனாமுனை எழுதியது:

யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். முடியாத ஆய்வைப் பேசு, சிக்கலைச் சொல் என்கிறீர்கள். நிரந்தரப் பணியில் இருப்பவர் தாராளமாகச் சொல்லலாம். ஆய்வு மாணவர் இன்னும் அச்சேறாத ஆவணத்தைக் காட்டினால், அடுத்த ஆண்டு அது வேறொருவர் கட்டுரையில் வந்து நிற்காது என்று யார் உறுதி தருவது? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வெளியில் வாயே திறப்பதில்லை.


நூலகவாசி எழுதியது:

பேனாமுனை சொல்வது உண்மையான பயம், அலட்சியம் செய்யக் கூடாது.

இந்த மாதிரிக் கூட்டங்களில் 'சாத்தம் ஹவுஸ் விதி' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 1927இல் லண்டனில் உருவான அந்த விதி சொல்வது இதுதான்: கேட்ட தகவலைப் பயன்படுத்திக்கொள்ளலாம், சொன்னவர் யார் என்பதை மட்டும் வெளியே சொல்லக் கூடாது. ஆய்வாளருக்கு இது நேர் எதிரான கேடு! கண்டுபிடிப்பை எடுத்துக்கொள், பெயரை விட்டுவிடு என்றல்லவா ஆகிறது? அரசியல், ராஜதந்திரம் பேசுகிற அறைக்கு அது பொருந்தும். நமக்கு வேண்டியது அதன் மறுபக்கம்: பெயரைச் சொல், கேட்காமல் பயன்படுத்தாதே.

அதனால் கேட்பவர்களுக்குக் கொடுக்கும் கைத்தாளின் தலையிலேயே மூன்று விவரம் இருக்கட்டும். பேசுகிறவர் பெயர், தேதி, 'வரைவு நிலை. அனுமதியின்றி மேற்கோள் காட்ட வேண்டாம்' என்ற வரி. தலைமை தாங்குபவர் அதைத் தொடக்கத்தில் ஒருமுறை வாய்விட்டும் சொல்லட்டும். நான்கு துறையிலிருந்து முப்பது பேர் கேட்டிருக்கிறார்கள், தேதியும் இருக்கிறது என்றால் அது உங்களுக்குச் சாட்சி. பூட்டி வைத்த ஆய்வுக்கு அந்தச் சாட்சிகூட இல்லை. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் ஆவணம் இருக்கும் பெட்டி எண், கோப்பு எண் ஆகியவற்றைத் தாளில் போட வேண்டாம். கேட்பவருக்கு அது தேவையும் இல்லை.

அறிவிப்புகளை அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எதைப் பற்றிப் பேசினார் என்ற பதிவு நூலகத்தில் இருப்பது இந்த மாதிரிச் சமயங்களில் உதவும்.


கேள்விமேடை எழுதியது:

கேள்வி நேரத்தைப் பற்றி யாராவது விரிவாக எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், நானே எழுதுகிறேன்.

10 நாடுகளில் சுமார் 250 துறைக் கருத்தரங்குகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2018இல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் வந்தது. அறையில் ஆணும் பெண்ணும் சமமாக இருந்தாலும் பெண்கள் கேட்கும் கேள்விகள் குறைவு. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்டுவிட்டால் அந்த இடைவெளி இன்னும் கூடுகிறது. கேள்விகளுக்கு நேரம் அதிகமாகக் கிடைக்கும் இடங்களில் குறைகிறது. பார்த்தது பெரும்பாலும் அறிவியல் துறைகளை என்றாலும் நம் அறைகளில் நடப்பதும் இதுதான் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் மட்டுமல்ல, மாணவர்கள், இளையவர்கள், வேறு துறையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் முதல் குரல் எப்படி விழுகிறது என்று பார்த்துத்தான் கை தூக்குகிறார்கள்.

ஆகவே உரை முடிந்ததும் உடனே 'கேள்விகள்?' என்று கேட்காதீர்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். டப்பாவை மூடி வைப்பார்கள், பக்கத்திலிருப்பவரிடம் 'இது அப்படித்தானே?' என்று கேட்டுக்கொள்வார்கள். தன் கேள்வி முட்டாள்தனமானது இல்லை என்று உறுதியாகும். பிறகு முதல் கேள்வி மாணவருக்கு என்று வழக்கமாக்குங்கள்.

தத்துவத் துறைகள் பலவற்றில் ஒரு பழக்கம் உண்டு, சொற்கடலுக்குத் தெரிந்திருக்கும். புதிய கேள்வி என்றால் கையைத் தூக்க வேண்டும். இப்போது நடக்கும் பேச்சைத் தொடர்ந்து ஒரு வார்த்தை என்றால் விரலை மட்டும் தூக்க வேண்டும். தலைமை தாங்குபவர் கை தூக்கியவர்களைத் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, விரலுக்கு முன்னுரிமை கொடுப்பார். பேச்சு அறுந்து அறுந்து போகாமல் ஒரு விஷயம் முடிவுவரை போகும். கையைத் தூக்கிவிட்டு 'நமக்கு வாய்ப்பு வருமா' என்ற பதற்றமும் இருக்காது.

நீளமாகப் பேசும் மூத்தவரை எப்படி நிறுத்துவது என்பதற்கு எனக்குத் தெரிந்த மரியாதையான வழி: 'ஐயா, இதில் பேசியவர் பதில் சொல்ல வேண்டிய இடம் எது என்று சொன்னால் குறித்துக்கொள்வேன்.' இதைத் தலைமையில் இருப்பவர் முகமலர்ச்சியோடு சொல்ல வேண்டும். ஏடுபுரட்டி, அந்த நாற்காலியில் நீங்கள் உட்காராதீர்கள். ஆய்வு மாணவர் சொன்னால் எடுபடாது. பணியில் இருப்பவர் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.


சொற்கடல் எழுதியது:

விரல் பழக்கம் எங்களிடம் உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுத்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் வரலாமா, துறைக்காரர்கள் மட்டுமா? ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சனிக்கிழமைக் காலைகளில் ஒரு கூட்டம் நடத்தினார். அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே வருவார்கள், பெரும்பாலும் அவரைவிட இளையவர்கள். ஒரு சொல்லின் பயன்பாட்டை எடுத்துக்கொண்டு பல வாரம் அலசுவார்கள். சிறிய கூட்டம் என்பதால்தான் அது முடிந்தது.

மறுபக்கம் பாரிஸின் காலேஜ் தெ பிரான்ஸ். 1530இல் தோன்றிய அந்த நிறுவனத்தில் மாணவராகப் பெயர் பதிய வேண்டியது கிடையாது, பட்டமும் கிடையாது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும், பேராசிரியர் நடந்துகொண்டிருக்கும் தன் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். கேட்கவே அழகாக இருக்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ அங்கே பேசிய 1970களில் 300 பேர் உட்காரும் அரங்கில் 500 பேர் நெருக்கியடித்தார்கள். மேசை முழுக்க ஒலிப்பதிவுக் கருவிகள். 1976இல் கூட்டத்தைக் குறைக்க வேண்டியே உரையை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினார், அப்படியும் குறையவில்லை. கேள்வியோ விவாதமோ நடக்கவில்லை என்று அவரே வருந்தியிருக்கிறார். கூட்டம் பெருத்தால் உரையாடல் போய்விடும். எனவே துறைகளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.


பகுதிநேரம் எழுதியது:

சொற்கடல், 500 பேர் வருவார்கள் என்ற கவலை நமக்கு வேண்டாம். நம் கவலை எப்போதும் ஐந்து பேராவது வருவார்களா என்பதுதான். அழைப்பிதழ் வட்டம் என்று ஆரம்பித்தால் முதலில் வெளியே நிற்பது என்னைப் போன்றவர்கள்தான். இரண்டு கல்லூரிகளில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கிறேன், எந்தத் துறையின் மின்னஞ்சல் பட்டியலிலும் என் பெயர் இல்லை. ஆய்வு செய்கிறேன், ஆனால் அதைப் பற்றிப் பேச எனக்கு ஓர் அறை கிடையாது.

லண்டனில் கிரெஷாம் காலேஜ் 1597 முதல் பொதுமக்களுக்கு இலவசமாக உரை நடத்திவருகிறது. தொடக்க காலத்தில் அறிஞர்களுக்காக லத்தீனிலும் நகரத்து மக்களுக்காக ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நானூறு ஆண்டு தாண்டிவிட்டார்கள்.

மதிய வேளையின் அருமையும் இதுதான். மாலை 5 மணிக்கு உரை வைத்தால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவர்கள், வயதான பெற்றோரைக் கவனிப்பவர்கள், தூரத்திலிருந்து வருபவர்கள் யாரும் தங்க முடியாது. மதியம் என்றால் ஏற்கெனவே வளாகத்தில் இருப்போம். ஆனால் எந்த நாள் என்பதை மாற்றி மாற்றி வையுங்கள். எப்போதும் புதன்கிழமை என்றால் புதன்கிழமை வேறு கல்லூரியில் வகுப்பு உள்ளவர் ஆண்டு முழுக்க வர முடியாது.


பேனாமுனை எழுதியது:

பகுதிநேரம் எழுதியதைப் படித்த பிறகு பதிவு பற்றி என் மனம் இரண்டாகப் பிளக்கிறது. பதிவு இருந்தால் வர முடியாதவர் கேட்கலாம். ஆனால் கேமரா ஓடினால் 'எனக்கு இது புரியவில்லை' என்று பேசுகிறவர் சொல்லமாட்டார், மாணவர் கேள்வியும் கேட்கமாட்டார்.


நூலகவாசி எழுதியது:

சொற்கடல் சொன்ன ஃபூக்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மேசையில் இருந்த ஒலிநாடாக்கள் இருந்ததால்தான் அவர் மறைந்த பிறகு 1997 முதல் அந்த உரைகள் நூல்களாக வந்தன. நமக்கு அது பெரிய கொடை. அதே சமயம், தன் மறைவுக்குப் பிறகு எதையும் வெளியிட வேண்டாம் என்று சொன்னவர் அவர். பதிவு என்று ஒன்று இருந்துவிட்டால் பேசியவர் விருப்பம் அதைக் கட்டுப்படுத்தாது. இதை மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

என் யோசனை: உரையை மட்டும், அதுவும் பேசுகிறவர் விரும்பினால் மட்டும், ஒலியாகப் பதிவு செய்யலாம். கேள்வி நேரம் தொடங்கும்போது கருவியை எல்லோர் கண் முன்னாலும் அணைத்துவிட வேண்டும்.


ஏடுபுரட்டி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துவிட்டு எங்கள் குழுவோடு பேசினேன். 20 நிமிட உரை, ஐந்து நிமிட இடைவெளி, மீதி கேள்விக்கு. கதவு திறந்தே இருக்கும். பகுதிநேர ஆசிரியர்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நாள் மாறி மாறி வரும். தலைமைக்கு மொழியியல் துறை அம்மா ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். பதிவு இப்போதைக்கு இல்லை. பகுதிநேரம் இதில் வருத்தப்படலாம், கைத்தாளை மட்டும் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு அனுப்பிவிடுவோம், பேசுகிறவர் சம்மதித்தால்.

ஒரு சந்தேகம் மிச்சம். முதலில் பேசப் போகிறவர் இலக்கியத் துறை மாணவி, ஒரு பழைய உரையாசிரியர் ஒரே பாடலுக்கு இரண்டு பொருள் தருகிற இடத்தைப் பற்றிப் பேசுகிறார். தாளில் என்னவெல்லாம் போடுவது? தலைப்பை எப்படி அறிவிப்பது?


தொல்லெழுத்து எழுதியது:

தாள் ஒரே பக்கம். பாடல் மேலே, உரையாசிரியர் எழுதிய உரை கீழே. எழுத்து பெரிதாக, வரிகளுக்கிடையே பென்சிலால் குறிக்க இடம் விட்டு. ஐந்து வரிக்கு ஒருமுறை ஓரத்தில் வரி எண் கண்டிப்பாகப் போடுங்கள். வரி எண் இல்லாவிட்டால் 'அந்த இரண்டாவது பத்தியில், இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே' என்றே கேள்வி நேரம் கரையும். இலக்கியம் படிக்காதவருக்குப் புரியாத நான்கைந்து சொற்களுக்கு அடியில் பொருள் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த மாணவி தன் விளக்கத்தைத் தாளில் போட வேண்டாம், அது அவர் வாயிலிருந்து வரட்டும்.

தலைப்பைக் கேள்வியாகவே போடுங்கள். 'இந்த உரையாசிரியர் ஏன் இரண்டு பொருள் தந்தார்?' என்று இருந்தால் வரலாற்றுத் துறைக்காரரும் எட்டிப் பார்ப்பார். '... : ஓர் ஆய்வு' என்று இருந்தால் அவர் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்.


பகுதிநேரம் எழுதியது:

வருத்தமில்லை, ஏடுபுரட்டி. தாள் கிடைத்தாலே போதும். அறிவிப்பை உரைக்கு ஒரு வாரம் முன்னதாக நூலகப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள், மின்னஞ்சல் வராதவர்கள் அங்கேதான் பார்ப்போம். இரண்டாவது ஆள் இன்னும் முடிவாகவில்லை என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிப் பாடநூல் ஒன்றின் முன்னுரையோடு சில மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கம்தான்.